நம்ம பாஷை பேசுகிறவள்

அம்மா,

இன்றைக்கு எங்கள் காலேஜ் முழுக்கப் பெயின்ட் வாசனை. போன வாரம் வரைக்கும் காரை பெயர்ந்து கிடந்த முன்பக்கச் சுவர் இப்போது மஞ்சளும் நீலமுமாக மின்னுகிறது. பின்பக்கச் சுவரை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள், அங்கே யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்று. புது பெயின்ட் வாசனை மற்றவர்களுக்குப் பொங்கலையோ கல்யாண வீட்டையோ ஞாபகப்படுத்தலாம். எனக்கு ஞாபகம் வருவது உன் மூக்கு. அதைச் சுளித்துக்கொண்டு நீ சொல்வாய், "பெயின்ட் நாத்தம் அடிக்குதுன்னா எத்தையோ மறைக்கிறான்னு அர்த்தம்."

நீ போன பிறகு வருகிற இரண்டாவது மாங்காய்க் காலம் இது. நம் ஊரில் சீசன் என்றால் மாங்காய். இங்கே சீசன் என்றால் அட்மிஷன். வகுப்பு நடக்காத இந்தக் கோடையில் லெக்சரர்கள் எல்லாரும் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைப் பிடித்து வரவேண்டும். ஆளுக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. கணக்குப் பாடம் எடுக்கிற எனக்கு அந்தக் கணக்கு மட்டும் வராது. இந்த வருஷம் இதுவரை ஒருத்தரையும் சேர்க்கவில்லை. போன வாரம் பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, ரொம்ப மரியாதையாக, இந்த சீசனில் ஒரு பிள்ளையாவது கொண்டுவராதவர்களுக்கு அடுத்த வருஷம் வகுப்பு ஒதுக்குவது சிரமம் என்று தெலுங்கில் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்துக்கொண்டு பேசுகிறவர்களைப் பற்றி உன் அபிப்பிராயம் எனக்குத் தெரியும்.

இன்றைக்கு நடந்த ஒன்றைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதைச் சொல்வதற்கு, தமிழ்நாட்டில் பிளஸ் டூ என்கிற இன்டரை நான் முடித்த கோடையிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. நீயும் கூடவே இருந்த கதைதான். இருந்தாலும் கேள். நான் எங்காவது கூட்டிச் சொல்கிறேனா என்று பார்ப்பதற்காகவாவது கேட்பாய்.

ஊரில் உனக்குச் சந்தேகக்காரி என்று பேர். பால்காரர் ஊற்றியதும் நுரை அடங்குகிற வரைக்கும் சொம்பை நகர்த்தமாட்டாய். "தோ கெளம்பிடுச்சி, ஏறு ஏறு" என்று கண்டக்டர் கத்தினாலும், டிரைவர் தன் சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் பஸ்ஸில் கால் வைப்பாய். பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று யாரோ போன் செய்தபோது, "நான் யாருன்றது அப்பறம். நீ யாரு, உங்க அம்மா பேரு இன்னா, அத்த சொல்லு மொதல்ல" என்று கேட்டு, அவனாகவே வைத்துவிடும்படி செய்தவள் நீ.

அதற்கெல்லாம் ஆரம்பம் ஒரு கிணறு. மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த உன் அப்பாவுக்கு, பக்கத்துக் கொல்லைக்காரரின் தளும்பத் தளும்ப நிறைந்த கிணற்றைக் காட்டி, இதுதான் நம்முடையது என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணமாகி வந்த பிறகு, குடத்தோடு அங்கே போய் நின்ற உன்னைப் பக்கத்துக் கொல்லைக்காரி யாரம்மா நீ என்று கேட்டிருக்கிறாள். இந்தக் கதையை நீ சொல்லும்போதெல்லாம் உன்னைக் கட்டிய என் நைனா தலையைக் குனிந்துகொண்டு, "நான் சொல்லலமே, எங்க மாமாதான் சொன்னாரு" என்பார். நைனா அப்படித்தான். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். ஒரு வீட்டில் இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தால் குடும்பம் என்னவாகும் என்று, நீ அவருக்கும் சேர்த்துச் சந்தேகப்பட்டாய்.

அந்தக் கோடையில் நைனா மாங்காய் லோடோடு சித்தூருக்குப் போயிருந்தார். மாம்பழக் கூழ் பேக்டரி வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. உள்ளே போவதற்குள் பழம் கன்றிவிடுமோ என்ற பயத்தோடு ஜனங்கள் வண்டிக்கடியில் நிழலில் கிடந்தார்கள். அந்த வரிசைக்குத்தான் மோர் பாக்கெட்டோடு வந்தான் அந்த ஏஜென்ட். பெண் பிள்ளை இன்டர் முடித்த வீடு எது, மாங்காய் விற்ற காசு கைக்கு எப்போது வரும் என்பதெல்லாம் தெரிந்து வருகிறவர்கள் அவர்கள். மோரோடு ஒரு நோட்டீஸும் கொடுத்தான். நோட்டீஸின் அட்டையில் கண்ணாடிக் கட்டடம், அதன் முன்னால் கோட்டுப் போட்ட பெண்கள்.

நைனா வீட்டுக்கு வந்ததும் மாங்காய் என்ன விலைக்குப் போனது என்று சொல்வதற்கு முன்னால் அவனைப் பற்றித்தான் சொன்னார். "தங்கமான புள்ள. நம்ம பாஷ பேசறாம்மே. சத்தியவேடு பக்கமாம்."

நைனாவைக் குற்றம் சொல்ல முடியாது. நமக்குத் தாலுகா ஆபீஸில் தெலுங்கு, மார்க்கெட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. எல்லாம் நன்றாகவே பேசுவோம். ஆனாலும் ஏதாவது ஒரு கவுன்டருக்குப் பின்னாலிருந்து திடீரென்று ஒருவர் "இன்னா வோணும் நைனா?" என்று கேட்டுவிட்டால், நம் ஜனங்கள் அங்கேயே உருகிவிடுவார்கள். கேட்காததையெல்லாம் சொல்லிவிடுவார்கள். எல்லைப்புறத்தில் பிறந்தவர்களுக்கு இருக்கிற வியாதி இது. நீ மட்டும் அதில் படுக்கவில்லை. "வெயில்ல கெடக்கறவனுக்கு மோர் குட்தா புண்ணியம். நோட்டீசு சேத்து குட்தா வியாபாரம்" என்றாய். "ஓட்டு கேக்க வர்றவனும் நம்ம பாஷதான் பேசறான். அதுக்கோசரம் நம்ம ஆளாயிடுவானா?"

அவன் வீட்டுக்கும் வந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் நாமம். உட்காரும்போதே உறவு சொல்லிக்கொண்டுதான் உட்கார்ந்தான்.

"யம்மா, நானும் உங்க ஊட்டு புள்ள மாறிதான். அங்க வந்து பாருங்க, ஆபீசு, ஆஸ்டலு எல்லாம் தெலுங்குல பேசிக்கினு கீறாங்க. நம்ம பொண்ணுங்கள பாத்துக்க நம்ம பாஷ பேசற ஆளு ஒத்தன் வோணாமா?"

"எங்க ஊட்டு புள்ளன்ற. இவ்ளோ நாளு எங்க போயிருந்த?" என்று கேட்டாய்.

அவன் சிரித்தான். பிடெக் கம்ப்யூட்டர், லேப்டாப் இலவசம், படித்து முடிப்பதற்குள் பெங்களூரில் வேலை என்றான். நான் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தேன். எனக்குக் கணக்கு பிடிக்கும் என்று நைனா சொன்னதற்கு, "கணக்கு வர்ற பொண்ணுதான் சார் கம்ப்யூட்டருக்கு வோணும்" என்று முடித்துவிட்டான். அவன் போன பிறகு நீ சொன்னாய், "நம்மள விட நல்லா நம்ம பாஷ பேசறான். அதான் எனக்கு ஒதைக்குது."

காலேஜைப் பார்க்க அவர்களே பஸ் அனுப்பினார்கள். நீ வரமாட்டாய் என்றுதான் நான் நினைத்தேன். முதல் ஆளாக ஏறினாய், டிரைவர் உட்கார்ந்த பிறகு. அங்கே இறங்கியதும் எனக்கு வாய் அடைத்துவிட்டது. நாம் கிட்டே போனதும் தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு. உள்ளே ஏசி. கையில் ரோஸ் மில்க். கெமிஸ்ட்ரி லேபில் வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்கள் வரிசையாக நின்று எதையோ கலக்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு மாடியில் கம்ப்யூட்டர் லேப், அங்கேயும் பெண்கள் வரிசையாக. நீ அவர்கள் ஒவ்வொருவரிடமும் போய் ஒரே கேள்வியைக் கேட்டாய். "துணி எங்கம்மா காய வெக்கிறீங்க?" உனக்கே தெலுங்கு வரும், ஆனாலும் ஏஜென்ட் முந்திக்கொண்டு அதைத் தெலுங்கில் சொன்னான். எல்லாரும் ஒரே மாதிரி சிரித்து ஒரே பதிலைச் சொன்னார்கள். "அன்னி பாகுன்னாயி ஆன்ட்டி." எல்லாம் நன்றாக இருக்கிறதாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவ்வளவு பெரிய காலேஜுக்கு வந்து துணிக்கொடியைப் பற்றிக் கேட்கிறாளே என்று, உன்னைத் தெரியாதவள் மாதிரி ஒதுங்கி நின்றேன்.

ஹாஸ்டலையும் காட்டினார்கள். பளபளவென்று இருந்தது. நீ ஜன்னல் வழியாக எட்டிப் பின்பக்கம் பார்த்தாய், மாடிக்கு ஏறியும் பார்த்தாய்.

திரும்பி வருகிற பஸ்ஸில் என் காதில் சொன்னாய். "கீழ வெள்ளக் கோட்டு போட்டுக்கினு நின்னாளே, கட்ட விரல்ல துணி சுத்திக்கினு ஒருத்தி. பாத்தியா?"

"பாக்கல."

"மேல கம்ப்யூட்டர் ரூமுலயும் அவதான் குந்திக்கினு இருந்தா. கோட்ட கயட்டிட்டா, வெரல்ல சுத்துனத கயட்டல. அது போவட்டும். அவ்ளோ பொண்ணுங்க தங்கற எடம்ன்றான். ஒரு பாவாட கூட காயலயே பாப்பா. அங்க எவளும் குடியே இல்ல."

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. கிணற்றுக் கதையை வைத்துக்கொண்டு என் வாழ்க்கையைக் கெடுக்காதே என்று சொல்லிவிட்டேன். முன் சீட்டில் நைனா, ஏஜென்ட் தோளில் கைபோட்டுப் பேசிக்கொண்டு வந்தார்.

திருப்பதியில் இருந்த பெண்கள் காலேஜுக்குப் போகலாம் என்று சொன்னது நீதான். அங்கே பிஎஸ்சி கணக்கு இருக்கிறது என்று என் டீச்சர் எப்போதோ சொன்னதை நீ மறக்காமல் வைத்திருந்தாய். அங்கே பஸ் அனுப்பவில்லை. ரோஸ் மில்க் இல்லை. கேட்டில் இருந்த வாட்ச்மேன் நம்மை உள்ளேயே விடவில்லை. யார், எந்த ஊர், யாரைப் பார்க்க வேண்டும், பையில் என்ன என்று துருவித் துருவிக் கேட்டார். நைனாவுக்கு முகம் சுண்டிப்போனது. உனக்கோ முகமெல்லாம் சந்தோஷம். "பொம்பள புள்ளைங்க இருக்கற எடம். நல்லா சந்தேகப்படட்டும்" என்றாய். உன் ஜாதி ஆள் ஒருவரைப் பார்த்துவிட்ட திருப்தி.

உள்ளே ஒருத்தரும் வா என்றுகூடச் சொல்லவில்லை. ஹாஸ்டலுக்குப் பின்னால் மரத்துக்கு மரம் கயிறு கட்டித் துணிகள் தொங்கின. நீ அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாய். ஆனாலும் உனக்கு நிம்மதி வரவில்லை. "புள்ளைங்க வந்து சேரணும்னு இவங்களுக்கு அக்கறையே இல்லியா? ஏன் ஒருத்தரும் ஆச காட்ட மாட்றாங்க?" என்று அதிலும் ஒரு சந்தேகம்.

வெளியே பஸ் ஸ்டாப்பில் அந்தக் காலேஜ் பெண்கள் சிலர் நின்றிருந்தார்கள். அவர்களிடம் போய் உன் கேள்வியைக் கேட்டாய். கேட்டதுதான் தாமதம், அருவி மாதிரிக் கொட்டினார்கள். துணி காயப்போட இடம் போதாது, தண்ணீர் காலையில் மட்டும்தான் வரும், சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். அதிலே ஒருத்தி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சொன்னாள், "மேத்ஸ் மேடம் ஒருத்தங்க இருக்காங்க ஆன்ட்டி. கணக்கு முடியற வரைக்கும் வெளியவே விடமாட்டாங்க. அவங்களால தினமும் பஸ்ஸ விட்றோம். அவங்களும்தான் விட்றாங்க." பார்த்தால், குடை பிடித்துக்கொண்டு அதே ஸ்டாப்பில், அந்தப் பெண்களுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார் அந்த மேடம். அவர் காதில் விழுந்தும் விழாத மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்களும் பயந்துவிடவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

நீ என் பக்கம் திரும்பினாய். "அங்க ஒருத்தியாவது வாய் தொறந்து ஒரு கொற சொன்னாளா? இவளுங்க வாத்தியாரம்மாவ பக்கத்துல வெச்சிக்கினே சொல்றாளுங்க. பயம் இல்ல. அது போதும்." கொஞ்ச நேரம் கழித்து, "இதுவும் ஏற்பாடா இருக்குமோ?" என்றாய். நான் சிரித்துவிட்டேன். அத்தனை கோபத்திலும் சிரித்துவிட்டேன்.

நைனா விடவில்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, அலிபிரிக்குப் போய் அடிவாரத்தில் பூ கட்டிப் பார்த்துவிடலாம், பெருமாள் சொன்னபடி செய்யலாம் என்றார். சாமி பேரைச் சொன்னதும் நீயும் சரி என்று கிளம்பிவிட்டாய். பூ வாங்கப் போனதும் நைனாதான், இலையில் மடித்து நூல் சுற்றியதும் நைனாதான். சிவப்பு அரளி வந்தால் கண்ணாடிக் காலேஜ். வெள்ளை நந்தியாவட்டை வந்தால் திருப்பதி. படி ஆரம்பிக்கிற இடத்தில் கற்பூரம் ஏற்றி, இரண்டு பொட்டலத்தையும் வைத்தோம். மலையிலிருந்து இறங்கி வந்த யாரோ ஒருவருடைய குழந்தை, மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் இருந்தது, அதைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னோம். குழந்தை ஒன்றை எடுத்து நைனா கையில் கொடுத்தது. பிரித்தார். சிவப்பு.

"கோவிந்தா!" என்று நைனா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் உள்ளே ஒரு துள்ளல். நீ மட்டும் குனிந்து, கீழே கிடந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்து நூலைப் பிரித்தாய்.

அதிலும் சிவப்பு அரளி.

நைனா திருதிருவென்று விழித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "சாமிக்கு ஏன்மே கொழப்பம்னு..."

நீ திட்டப்போகிறாய் என்று நான் பயந்தேன். நீ அந்தப் பூவையும் நைனாவையும் மாறி மாறிப் பார்த்தாய். "சாமியவே ஏமாத்தறதுக்கு அந்த மோருல இன்னாதான்யா கலந்து குட்தான் அவன்?" என்றாய். அவ்வளவுதான், மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்து, மலையேறப் போகிறவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம். நைனாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வெட்கமா சிரிப்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

சிரித்து ஓய்ந்ததும் நீ என்னைக் கேட்டாய். "பாப்பா, எங்கள வுடு. உங்க நைனா எல்லாத்தையும் நம்புவாரு, நான் எத்தையும் நம்பமாட்டேன். ரெண்டும் வேலைக்கு ஆவாது. போய் குந்தி படிக்கப் போறவ நீ. உனக்கு எது?"

வெள்ளைப் பூ அங்கே இல்லவே இல்லை. இருந்தும் நான் வெள்ளை என்றேன். தினமும் பஸ்ஸை விட்டுவிட்டுக் குடையோடு நிற்கிற அந்த மேடத்தின் முகம் எனக்குள் உட்கார்ந்துவிட்டிருந்தது.

நீ சந்தேகப்பட்டது சரிதான் என்று பிறகு தெரிந்தது. திருப்பதி ஹாஸ்டலில் என் அறைத்தோழி, அந்தக் கண்ணாடிக் காலேஜ்காரர்களே நடத்திய இன்டர் காலேஜில் படித்தவள். அப்பா அம்மாக்கள் பார்க்க வருகிற நாளில் எல்லாரையும் பஸ்ஸில் கொண்டுபோய்க் கோட்டு மாட்டி நிற்க வைப்பார்களாம். "அன்னைக்கு மட்டும் பிரியாணி போடுவாங்க, அதுக்காகவே போவோம்" என்றாள். விரலில் துணி சுற்றிய பெண்ணை அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் என்ன ஆனாள் என்று இப்போதும் சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

அதற்காக நீ என் ஹாஸ்டலை நம்பிவிட்டாய் என்றும் சொல்ல முடியாது. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பாய். எனக்குக் கொண்டுவந்த அதிரசத்தை வாட்ச்மேனுக்கும் கொடுத்துவிட்டு, நான் யார் யாரோடு வெளியே போகிறேன் என்று விசாரிப்பாய். அவர் அதிரசத்தை வாங்கித் தின்றுவிட்டு, "ஹாஸ்டல் விஷயம் வெளிய சொல்லக் கூடாதும்மா" என்பார். அவர் மேல் உனக்கு மதிப்பு கூடிக்கொண்டே போனது.

ஆனால் அம்மா, நாம் தேர்ந்தெடுத்தது சரிதானா என்று எனக்கு அடிக்கடி சந்தேகம் வரும். உன் காரியத்துக்குப் பெரியம்மா மகன் பெங்களூரிலிருந்து சொந்தக் காரில் வந்து இறங்கினான். அவன் படித்தது அந்தக் கண்ணாடிக் காலேஜில். நான் எம்எஸ்சி வரைக்கும் படித்துவிட்டு, சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற காலேஜில் ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவனுடைய புத்தியால் முன்னுக்கு வந்தானா, காலேஜால் வந்தானா, எனக்குத் தெரியவில்லை. நீ இருந்தால், "கார் சொந்தமான்னு கேட்டியா?" என்றிருப்பாய். கேட்கத் தோன்றவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, டாக்டர் வந்து சிரித்துப் பேசிவிட்டுப் போனார். சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம் பாட்டி என்றார். அவர் போனதும் நீ என் கையைப் பிடித்தாய். "சிரிச்சிக்கினே பேசறான் பாப்பா. இன்னாமோ கீது." நான், உனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் என்றேன். உன் சந்தேகம் பொய்யாகப் போக வேண்டும் என்று வாழ்க்கையில் நான் சாமியைக் கும்பிட்டது அந்த ஒரு முறைதான். அதிலும் நீதான் ஜெயித்தாய்.

இன்றைக்கு நடந்தது இதுதான். அப்பா அம்மாக்களை வரவழைத்துக் காலேஜைச் சுற்றிக் காட்டுகிற நாள். வாசலில் முதல் மேஜையில் என்னை உட்கார வைத்தார்கள். எதற்கு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. புத்தூர், நகரி பக்கத்திலிருந்து தமிழ் ஜனங்கள் வருவார்கள். "தமிழ் மேடம் முன்னாடி இருக்கட்டும்" என்பது பிரின்சிபால் உத்தரவு. நான் "வாங்கக்கா, எந்த ஊரு?" என்று கேட்பேன். அவர்கள் முகம் அப்படியே இளகும். நைனாவின் முகம் சித்தூரில் எப்படி இளகியிருக்கும் என்பதைக் காலையிலிருந்து என் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மோர் பாக்கெட் நான்தான், அம்மா.

மதியத்துக்கு மேல் ஒரு பெண்பிள்ளையோடு ஒருத்தி வந்தாள். வடமாலபேட்டை. கூலி வேலைக்குப் போகிறவள். சொந்தமாகக் கொஞ்சம் வேர்க்கடலையும் போட்டிருக்கிறாளாம். வீட்டுக்காரர் மெட்ராஸில் கட்டட வேலை. மகள் இன்டரில் நல்ல மார்க். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. சுவரில் ஒரு விரலை வைத்து இழுத்துப் பார்த்தாள். விரலில் மஞ்சள் ஒட்டிக்கொண்டு வந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, யாரும் பார்க்காத மாதிரி என் மேஜைக்கு அடியில் துடைத்தாள்.

என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

"புள்ளைக்கு காய்ச்ச கீய்ச்ச வந்தா யாரு பாப்பாங்க?" என்று கேட்டாள்.

அதற்கு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்று இருக்கிறது. ஹாஸ்டலில் எந்நேரமும் நர்ஸ் உண்டு. நர்ஸ் வேலையை விட்டுப் போய் எத்தனையோ மாதமாகிறது. இன்றைக்கு மட்டும் அந்த அறையில் வெள்ளைச் சேலை கட்டிய யாரோ ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். என் பின்னால் ஆபீஸ்காரர் ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சேர்ந்தால், இந்த சீசனில் நான் சேர்த்த முதல் ஆள் அவள்தான். அடுத்த வருஷ வகுப்பும் சம்பளமும் என் கைக்கு எட்டுகிற தூரத்தில், முதுகில் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

ஆபீஸ்காரருக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும், ஆனால் நம் பேச்சை வேகமாகப் பேசினால் பிடிபடாது. நான் முகத்தில் சிரிப்பை மாற்றாமல், நீ பஸ்ஸில் என் காதில் பேசிய அதே வேகத்தில் பேசினேன்.

"யக்கா, என்ன கேக்காத. நர்சுன்னு இன்னிக்கி ஒருத்தர குந்த வெச்சிக்கீறாங்க. சாயந்தரம் பஸ் ஸ்டாப்புல போய் நில்லு. இங்க படிக்கற பொண்ணுங்க வருவாங்க. நாங்க யாரும் இல்லாதப்ப அதுங்கள கேளு. அப்பறம் முடிவு பண்ணு."

அவள் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"நீ இங்கதான வேல செய்யற?"

"ஆமாக்கா."

"இங்க சம்பளம் துன்னுக்கினு, ஏன் இப்டி சொல்ற?" குரலைத் தாழ்த்தினாள். "வேற காலேஜ்காரன் உனக்கு எவ்ளோ குட்தான்?"

"யாரும் ஒண்ணும் குடுக்கலக்கா. நம்ம ஊர் பொண்ணுன்னுதான்..."

"இந்த நம்ம ஊரு, நம்ம பாஷ எல்லாம் வாணாமே. நம்ம பாஷ பேசனவன நம்பித்தான் எங்க பெரியவன ஒரு எடத்துல சேத்து, ஒண்ணத்துக்கும் ஆவாம பூட்டான்." மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாடி. இவங்க இன்னாமோ திட்டம் வெச்சிக்கீறாங்க."

அவள் என்ன சொன்னாள் என்று ஆபீஸ்காரர் தெலுங்கில் கேட்டார். யோசித்துச் சொல்கிறாளாம் என்றேன்.

சாயங்காலம் நான் வெளியே வந்தபோது, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் அவள் நின்றிருந்தாள். சப்ளிமென்டரி பரீட்சைக்காக வந்திருந்த என் வகுப்புப் பெண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி கையை ஆட்டி ஆட்டி ஏதோ குறை சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று எனக்குச் சந்தேகம். அந்தப் பெண்பிள்ளை வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தது. இங்கே சேர்வாளா, வேறு எங்கே போவாள், எனக்குத் தெரியாது. நாளைக்குப் பிரின்சிபால் சிரித்துக்கொண்டே கூப்பிடுவார், அதை நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன்.

நான் ரோட்டைத் தாண்டப்போனேன். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். உடனே மகளையும் அந்தப் பெண்களையும் தள்ளிக்கொண்டு, நான் கேட்க முடியாத தூரத்துக்கு நகர்ந்து, எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

அவள் என்னைத் துளிகூட நம்பவில்லை, அம்மா. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?